பறக்கத்தும் நாலு அடியும்

“எண்ணத் தெரியாதாம். இன்னொரு வருசம் அரிவரி வகுப்பிலதானாம்.” நூஹு மகளைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டான். “இனி என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? தம்பியப் பாத்துக்கிட்டு ஊட்டுல இரிக்கட்டும்.”

“ஆருக்கு எண்ணத் தெரியா?” ஸம்ஸியா அகப்பையோடு வெளியே வந்தாள். “நாப்பது மட்டும் எண்ணுவாளே இவள்!”

“எனக்கிட்ட ஏன் சீறுறாய்? மாஸ்டர் சொன்னத்தச் சொன்னன்.”

சபூறாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்ச வா மகள். கையக் காட்டு.”

உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது.

“மாஸ்டர் என்ன கேட்டாரு?”

“புளியங்கொட்டைய எண்ணச் சொன்னாரு.”

“நீ என்ன சொன்னாய்?”

“பறக்கத்து, ரெண்டு, மூண்டு...”

“மறுகா?”

“எல்லாப் புள்ளையளும் சிரிச்ச. மாஸ்டர் அடிச்ச. முதல்ல இரிந்து எண்ணு எண்டாரு. நான் திரும்பயும் பறக்கத்து எண்டன்.”

ஸம்ஸியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வயலைத் தின்றுவிட்டுப் போனதால், இந்த வருடம் கதிரடிக்கும் களவெட்டியில் அளக்க நெல்லே இல்லை. வெள்ளம் வளவுக்குள் ஒதுக்கிவிட்ட மணலைத்தான் தாயும் மகளும் குவித்து, சிரட்டையை மரைக்காலாக்கி அளந்து விளையாடினார்கள். மகள் வயலுக்குச் சொந்தக்காரப் போடியார், தாய் அளக்கிற ஆள். “குறைச்சு அளந்தா கூலி இல்ல!” என்று போடியார் பாயில் இருந்தபடி அதட்டுவாள். பிறகு ஆள் மாறுவார்கள். முதல் மரைக்காலை ஒண்டு என்று சொன்னால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஊரில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. அருளும் பெருக்கமும் வேண்டிப் பறக்கத்து என்றுதான் தொடங்குவார்கள். சபூறாவும் அப்படித்தான் தொடங்கினாள்.

“இதுக்கா அடிச்சாரு?” ஸம்ஸியா முக்காட்டை இழுத்துப் போட்டாள்.

“எங்க போறாய்? பொம்புள போய்ப் பள்ளிக்கூடத்துல சண்ட புடிச்சா ஊரு என்ன கதைக்கும்?”

“நீங்க கதைச்சிருந்தா நான் போகத் தேவல்ல. தலைய ஆட்டிட்டு வந்திரிக்கீங்க. களவெட்டியில நீங்க என்ன சொல்லி அளக்கிற? சொல்லுங்களன்!”

நூஹு சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினான்.

வகுப்பு வாசலில் தாயையும் மகளையும் கண்டதும் மர்சூக் மாஸ்டர் பிரம்பை மேசையில் வைத்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இது களவெட்டி இல்ல, பள்ளிக்கூடம். இங்க ஒண்டு எண்டுதான் எண்ணணும்.”

“ஓம். அதச் சொல்லிக் குடுக்கத்தானே உங்களுக்கிட்ட அனுப்பின? சிரிக்க உட்டு அடிக்கவா அனுப்பின?”

“சொல்லிக் குடுத்தன். மண்டையில ஏறல்ல. ஒண்டு எண்டா என்னெண்டே உங்கிட புள்ளைக்குத் தெரியா.”

“தெரியாதா?” ஸம்ஸியா மகளின் கையைப் பிடித்து விரித்தாள். “மகள், மாஸ்டர் எத்தின அடி அடிச்சாரு? எண்ணிச் சொல்லு.”

சபூறா மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு தடிப்புகளை இடது கை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

“ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு.”

இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.

“பாத்தீங்களா! தெரிஞ்சிக்கிட்டுத்தான்...” என்று தொடங்கினார் மாஸ்டர்.

“அடிக்கு ஆராவது பறக்கத்துச் சொல்லுவாங்களா மாஸ்டர்? புள்ளைக்கு அது விளங்கிரிக்கி. உங்களுக்குத்தான் விளங்கல்ல.”

மாஸ்டர் பிரம்பை எடுத்து மேசைக்கு அடியில் போட்டார். “சரி. நாளைக்கு ஒண்டாம் வகுப்புக்கு வரட்டும்.”

“நாளைக்கு என்னத்துக்கு? இண்டைக்கே இரிக்கட்டும். நாப்பது மட்டும் எண்ணுறதக் கேட்டுட்டுத்தான் நான் போவன்.”

சபூறா வாங்கில் ஏறி இருந்தாள். “எதால தொடங்க உம்மா?”

“எனக்கிட்டக் கேக்காத. மாஸ்டருக்கிட்டக் கேளு. அவருக்குத்தானே சம்பளம்.”

மர்சூக் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஒரு புளியங்கொட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

“ஒண்டு,” என்றார்.