தண்ணீர் கேட்கும் பாட்டு

பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவர் ஸ்தனிஸ்லாஸுக்குப் பேச்சு போய்விட்டது. பாட்டு மட்டும் மிச்சம்.

"பேச்சு மூளையில இடது பக்கம்மா, அது அடிபட்டுருச்சு. பாட்டுக்கு வலது பக்கமும் உதவும். அதிகமாப் பாடுனது எதுவோ அதுதான் வரும்" என்றார் டாக்டர்.

முப்பது வருடமாகக் கோயில் பாடகராக இருந்த அவர் அதிகம் பாடியது கல்லறையில் பாடும் அடக்கப் பாட்டு. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஒன்றுக்கு வந்தாலும் அதுதான். முதல் வாரம் தெருவே பதறி ஓடிவந்தது.

"ஏஞ்சலினு, அவர வேற பாட்டுப் பாடச் சொல்லேன்" என்றாள் பக்கத்து வீட்டு சுந்தரம்மாள். சொல்லாமலா இருக்கிறேன்!

நேற்று எங்கள் தெரு அன்னாள் டீச்சருக்கு அடக்கம். சக்கர நாற்காலியில் வைத்து என் கணவரையும் கல்லறைக்குத் தள்ளிப் போனேன். சுள்ளென்று வெயில். பெட்டி குழிக்குள் இறங்கியபோது அவர் பாடத் தொடங்கினார். ஒரு சொல் பிசகவில்லை. சாமியாரே கண்ணைத் துடைத்தார்.

"எம்புட்டு உருகிப் பாடுறாரு!" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது. கண்கள் என் கையில் பாட்டிலைத் தேடின. அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன், பாவி.

பாட்டு முடிந்தது.

"இன்னொருக்க பாடச் சொல்லுங்கம்மா" என்றார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே மறுபடி ஆரம்பித்துவிட்டார்.