இடப்பக்கம் பார்த்த பறவை

அந்த வீட்டில் நெய்யும் துணியின் கரையில் ஒரு பறவை இருக்கும், வலப்பக்கம் பார்த்தபடி. அதைப் போடும் வித்தை மருமகளுக்குத்தான் போகும், மகளுக்குக் கிடையாது. மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவளாம். வித்தையையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவாளாம். என்ன நியாயமோ, போங்கள்!

மருமகள் வந்ததும் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். புருஷனை விட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்த மகள், தறிக்கு எதிரே நின்று அறுந்த இழைகளை முடிந்து கொடுத்தாள். மருமகள் மகராசியோ, 'எனக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று கொஞ்ச நாளிலேயே புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆள் இல்லாத தறி எதற்கு அடைசலாக என்று, பிரித்து எடுத்துப்போகத் தச்சரை வரச் சொல்லிவிட்டாள்.

தறியும் போனால் மகளுக்கென்று அங்கே என்ன மிச்சம்? அம்மா பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகும்போதெல்லாம் திருட்டுத்தனமாக உட்கார்ந்து ஒரு முழம் கரை நெய்தாள். தச்சர் வரவேண்டிய அன்று காலையில் அதை அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மா தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"மருமக அனுப்பினாளா? கை நல்லா படிஞ்சிருக்கே அவளுக்கு."

"நான் போட்டதும்மா."

அம்மாவின் விரல்கள் மறுபடி முதலிலிருந்து தடவின. இந்த முறை குற்றம் தேடிக்கொண்டு போயின. பறவையின் அலகில் நின்றன.

"இது இடப்பக்கம் பாக்குது."

"எதிர்ல நின்னு உன் கையப் பாத்தா அப்படித்தான் வரும். பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு தடவ சொல்லு, மாத்திடறேன். தறி இருக்கட்டும்மா."

"நீ இன்னொரு வீட்டுக்குப் போனவ."

"எந்த வீட்டுக்கு? இங்கதானே உன் துணியத் தொவச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

அம்மா அலகிலிருந்து விரலை எடுத்தாள்.

"எங்கம்மா வீட்டுக் கரையில மீன் இருக்கும். இன்னிக்கு வரைக்கும் அத எனக்குப் போடத் தெரியாது. சொல்லிக்குடுத்தாளா அவ? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மகளுக்கு அந்த ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பாவி, வந்துவிட்டது.

வாசலில் தச்சர் குரல் கொடுத்தார். தறி எங்கே என்று கேட்டார். அம்மா உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உங்கம்மா உனக்குக் குடுத்தத நீ எனக்கு அப்படியே குடுத்துட்டம்மா," என்றாள் மகள். "ஒரு இழைகூடக் கொறைக்கல."

உள்ளே தச்சர் முதல் ஆப்பைத் தட்டிக் கழற்றினார்.