தூக்க முடியாத மணிக்கட்டு

பொன்மணியின் வலது மேல்கையில் இரண்டு வருஷமாக ஒரு பிளேட் இருந்தது. வெம்பக்கோட்டை ரோட்டில் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து, எலும்பு முறிந்தபோது வைத்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் பட்டாசுக் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து சரவெடி பின்னினால் கை உள்ளுக்குள் குடைந்தது. பிளேட்டை எடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தாள்.

விருதுநகர் டாக்டர் உடனே சம்மதிக்கவில்லை.

"பிளேட்டை ஒட்டியே நரம்பு ஓடுதும்மா. எடுக்கையில அது அடிபட்டா மணிக்கட்டு தொங்கிப்போகலாம். ஸ்குரூ இருந்த ஓட்டையில எலும்பு திரும்பவும் முறியலாம். ரொம்பத் தொந்தரவு இல்லன்னா இருந்துட்டுப் போகட்டுமே."

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் பானுப்பிரியாவும் போனில் அதையேதான் சொன்னாள். "டாக்டரே வேண்டாம்ங்காரு. நீ ஏம்மா பிடிவாதம் பிடிக்கே?"

பொன்மணி கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரியை அலைய வைக்க மனமில்லாமல், பக்கத்து வீட்டு மூக்கம்மாளைத் துணைக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்துகொண்டாள்.

மறுநாள் காலை டாக்டர் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். விரல்கள் மடங்கின. மணிக்கட்டு எழும்பவில்லை.

"நரம்பு அறுந்து போகல, இழுபட்டிருக்கு. அநேகமா சரியாயிரும். மாசக்கணக்குல ஆகும்," என்று சொல்லி, மணிக்கட்டைத் தாங்க ஒரு பட்டையை மாட்டி அனுப்பினார்.

சொந்த ஊர் எம். புதுப்பட்டிக்குத் திரும்பியபின் ஒரு வாரம் மூக்கம்மாள் சோறு கொண்டுவந்தாள். பட்டாசு சீசன் தொடங்கியதும் அவளும் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். பகலில் தெருவில் ஆள் சத்தமே இல்லை. பொன்மணி இடது கையால் சாப்பிடப் பழகினாள். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் நைட்டியிலேயே இருந்தாள். மேஜை ஓரத்தில் கையை வைத்து, டாக்டர் சொன்னபடி தூக்கிப் பார்ப்பாள். அது தொங்கியபடியே கிடக்கும்.

"கை எப்படிம்மா இருக்கு?" என்று மகள் கேட்பாள்.

"நல்லாருக்கு தாயி."

"வீடியோல காட்டு."

"இங்கன சிக்னல் இல்லடி."

போனை வைத்தபிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி இருப்பாள்.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம் மணிக்கட்டு ஒரு விரற்கடை எழும்பியது. விழுந்துவிட்டது. மறுபடி எழுப்பினாள், எழும்பியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தாள், ஒருத்தரும் இல்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"பானு, மணிக்கட்டு தூக்குதுடி."



"அப்ப இம்புட்டு நாளா தூக்கலையா?"

பொன்மணிக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ வேண்டாம்னுதான சொன்ன. நான் எந்த முகத்தோட சொல்ல?"

"ஏசிருவேன்னா பயந்தே? தனியாக் கிடந்திருக்கியேம்மா."

அந்தச் சனிக்கிழமை பானுப்பிரியா குழந்தையோடு வந்தாள். கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டு, மருமகன் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

பொங்கலுக்குள் மணிக்கட்டு நேரானது. கட்டைவிரலுக்கு மட்டும் பழைய வேகம் வரவில்லை, சரம் பின்ன முடியவில்லை. கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். பின்னும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் சத்தம் தூரத்துக் கொட்டகையிலிருந்து வரும். லேபிள் ஒட்டும் அறையில் அவள் ஒருத்திதான்.