சின்ன ஜெட்

தங்கராஜாவின் ஆட்டோ தயங்கும்போதெல்லாம் கூனமலைத் தேயிலைத் தோட்டத்தில் விழுந்துகொண்டிருக்கும் எதுவும் விழாமல் நிற்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் உடனே எடுக்காது. தொண்டையில் சோறு அடைத்தவன் மாதிரி கொஞ்ச நேரம் முக்கிவிட்டுத்தான் பாயும். அந்தக் கொஞ்ச நேரம், ஆட்டோவின் சத்தம் கேட்கிற தூரம் வரைக்கும், ஊற்றுப் பீலியிலிருந்து குடத்துக்கு விழுகிற தண்ணீர் பாதியில் நிற்கும். மரத்திலிருந்து கழன்ற இலை நிற்கும். யாராவது துப்பிய வெற்றிலைச் சாறும் நிற்கும். எஞ்சின் எடுத்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து விழும். இதை முதலில் கண்டது அவன் மனைவி சந்திரகாந்தி. "என்னங்க, நீங்க ஆட்டோவ எடுக்கையில பீலித் தண்ணி நின்னு நின்னு வருது" என்றாள்.

"நின்னா நிக்கட்டும். இங்க வண்டியே நின்னு நின்னுதான் போகுது, அதுக்கு ஒரு வழியச் சொல்லு" என்றான் தங்கராஜா.

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பெட்ரோல் கிடைக்காத வருஷத்தில் ஊரே மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியது, அவனும் கலந்தான். மண்ணெண்ணெய் பழைய கார்பரேட்டரைத் தின்று தீர்த்தது. கம்பனிக் கார்பரேட்டர் நாட்டுக்குள் வரவில்லை. வந்தபோது அதை வாங்குகிற வசதி அவனிடம் இல்லை. பதுளையில் ஒரு கடைக்காரன் வேறெங்கோ செய்த ஒன்றை எடுத்துக் கொடுத்து, "அதே சாமான்தான்" என்றான். தோட்டத்து ஆளுக்கு மாவு என்றாலும் மருந்து என்றாலும் அதே சாமான்தான் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பூட்டிய நாளிலிருந்து தயக்கம். எல்ல ஊர்ப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி முக்குவதைப் பார்த்து, ஏறியவர்கள் இறங்கி வேறு ஆட்டோ பிடித்தார்கள்.

பதுளையில் கராஜ் வைத்திருந்த பஸீல் சலிக்காமல் பார்த்தான். பிளக்கை மாற்றினான், ஏர் ஃபில்டரை ஊதினான், எஞ்சினும் கார்பரேட்டரும் சேருகிற இடத்தில் காற்று ஒழுகுகிறதா என்று சவர்க்கார நுரை பூசிப் பார்த்தான், மிதவையின் மட்டத்தை ஏற்றி இறக்கினான். கடைசியில், பெட்ரோல் போகிற பித்தளைத் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். "ஜெட் சின்னன், தங்கராஜா. முறுக்கின ஒடனே காத்துப் போகுது, பெட்ரோல் போய்ச் சேருதில்ல. பெரிய ஜெட் ஒண்டு கொழும்புல சொல்லித் தாறேன்" என்றான். அவன் கராஜிலும் அன்று கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய நீர் நின்று நின்றுதான் சொட்டியது. அதை அவன் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அது அவன் திருத்துகிற விஷயம் இல்லை.

கூனமலையில் திருத்த வேண்டிய விஷயம் வேறு இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. முதலில் விரல் நுழைகிற அளவு, பிறகு ஆட்டுக்குட்டி விழுகிற அளவு. அதிகாரிகள் வந்து ஆபத்து என்று லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்பார்கள், வெயில் அடித்தால் லயத்துக்குத் திரும்புங்கள் என்பார்கள். கீழே வீடு கட்டித் தருவதாக அடிக்கல் நட்டார்கள். கல்லில் ஆடு கட்டினார்கள், அதற்கு மட்டும் அது உதவியது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. எல்லார் ஃபோனிலும் எச்சரிக்கை வந்தது. தோட்டத்துத் துரையோ காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராதவர்களுக்கு அன்றைக்குப் பேர் இல்லை என்று சொல்லி அனுப்பினார். பெரட்டில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, உலை கொதிக்காது. பெண்கள் குழந்தைகளைப் புள்ளக்காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனார்கள். தங்கராஜாவின் மகள் விதுஷாவும் அங்கேதான் தூளியில் இருந்தாள். புள்ளக்காம்பரா லயத்துக்கு அடுத்து, வெடிப்புக்கு நேர் கீழே.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மலை கழன்றது. தங்கராஜா கோயில் வளைவில் ஆட்டோவில் இருந்தான். மேலே பாறை உறுமுவதைக் கேட்டதும் மகளை எடுக்க ஓடவேண்டும் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினான். எஞ்சின் முக்கியது. மழை அப்படியே நின்றது. தேயிலைச் செடிகளோடும் பாறைகளோடும் இறங்கிய மண், லயத்துக் கூரைக்கு மேலே நின்றது. எஞ்சின் எடுக்கப்போகிற நடுக்கம் கைக்குத் தெரிந்தது. சந்திரகாந்தி சொன்ன பீலித் தண்ணீர் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எடுக்குமுன் கையைத் தளர்த்தி மறுபடி முறுக்கினான். மறுபடி முக்கியது. பிள்ளைக்கு ஓடவேண்டிய கால்களை ஆட்டோவுக்குள் மடக்கிவைத்து, முறுக்கினான், தளர்த்தினான். துரையைத் திட்டினான், அடிக்கல் நட்டவர்களைத் திட்டினான், கடைக்காரனைத் திட்டினான், பெண்டாட்டி சொன்னதைக் காதில் வாங்காத தன்னைத்தான் அதிகம் திட்டினான். "புள்ளைகள தூக்குங்க, என்னைப் பாக்காதீங்க" என்று கத்தினான்.

ஆயம்மா குழந்தைகளை வெளியே அனுப்பினாள். கொழுந்தெடுத்த மலையிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். சந்திரகாந்தி விதுஷாவைத் தூக்கிக்கொண்டு, மழைத்துளிகள் முகத்தில் இடிக்க ஓடினாள். லயமே காலியானது. சட்டி பானை, ஆடுகள், மாரியம்மன் படம் எல்லாம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தன. கடைசி ஆள் வந்த பிறகு, தயங்கிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் செத்தது. தயக்கம் முடியவில்லை, ஆகவே மலையும் முடிக்கவில்லை. கூரைக்கு மேலே அப்படியே தொங்கியது.

தை பிறந்தும் தொங்கியது. எல்லவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பார்த்துப் படம் எடுத்தார்கள். அதிகாரிகள் அளந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்து, மண் சரியாததால் அனர்த்தம் நடக்கவில்லை, அனர்த்தம் நடக்காததால் வீடு கொடுக்க வழியில்லை என்றார்கள். "திங்கக்கிழமை லயத்துக்குத் திரும்பிப் போங்க. பிள்ளைகளுக்கு ஸ்கூல் தேவை" என்றார் துரை.

"மலை தலைக்கு மேல நிக்குதுங்க தொரை" என்றாள் சந்திரகாந்தி.

"நிக்குதுதானே? விழல்லதானே?"

தங்கராஜா பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனான். பெரிய ஜெட் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸீல் கோயில் வளைவுக்கே வந்து அதைப் பூட்டி, டேங்கில் பெட்ரோல் ஊற்றினான், சின்ன ஜெட்டைத் தீப்பெட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்தான். தங்கராஜா ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டான். லயத்தில் ஏதும் மறந்து விட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டான். எல்லாரும் ஒன்றும் இல்லை என்றார்கள். துரையிடம் ஆள் போய்ச் சொல்ல, அவர் ஜீப்பில் வந்து இறங்கி, "வேணாம், தங்கராஜா, வேணாம்" என்றார்.

"நிக்குதுதானே தொரை, நீங்க போய் உள்ள நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட் கம்பியை இழுத்தான். முதல் இழுப்பிலேயே எஞ்சின் எடுத்தது. முறுக்கினான். தயக்கம் என்ற பேச்சே இல்லை. மலை விட்ட இடத்திலிருந்து விழுந்து, லயத்தையும் புள்ளக்காம்பராவையும் சிவப்புப் பெயின்டையும் மூடியது. ஐப்பசி மழையின் மிச்சமும் கொட்டியது. திங்கட்கிழமை திரும்பிப் போகச் சொல்ல லயம் இருக்கவில்லை.

அனர்த்தம் நடந்துவிட்டதால் வீடுகள் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள், சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது. தங்கராஜா பதுளைக்கு ஹயர் ஓடுகிறான், கோபம் குறையவில்லை. சின்ன ஜெட் தீப்பெட்டியில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும். மழை பிடித்தால் மலை வெடித்த தோட்டங்களிலிருந்து ஆட்டோக்காரர்கள் வந்து அதைக் கேட்பார்கள். கழற்றிப் பூட்டுகிற விதத்தைச் சொல்லி, டேங்கை நிரப்பிவைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்புவான். போன கிழமை கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன ஜெட் இன்னும் திரும்பி வரவில்லை. அங்கே மழை விடவில்லையாம்.