இடப்பக்க ஜன்னல்

மார்ச் ஆறாம் தேதி காலை 7.15 மணிக்கு, மலையடிவார நகரத்தின் ரயில் நிலையத்தில், இரண்டாம் நடைமேடையிலிருந்து துறைமுக நகரத்துக்கான விரைவு ரயில் புறப்பட்டது. அட்டவணைப்படி அதற்குப் பதினைந்து நிறுத்தங்கள். முந்தைய ஆண்டின் அட்டவணையில் பதினாறு.

நான்காவது பெட்டியில் இடப்பக்க ஜன்னலோரம் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி மடியில் படிவக் கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். நாட்டை ரயிலில் சுற்றிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு பதிப்பகம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழிகாட்டி நூல் வெளியிடுகிறது. பதினொரு நகரங்களும் அவற்றுக்கு இடையே நாற்பத்தாறு சிற்றூர்களும் அதில் உண்டு. நூலில் உள்ளதெல்லாம் இன்னும் சரிதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது அவள் வேலை. நகரத்துக்கு ஒரு நாள், சிற்றூருக்கு நாற்பது நிமிடம். ஒவ்வோர் ஊருக்கும் பதினொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். நிலையத்திலிருந்து தங்கும் விடுதிக்கு எத்தனை நிமிட நடை என்பதற்கு அவள் யாரையும் கேட்பதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் எண் நகரும் சிறு கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பாள். நூற்றுப் பத்துக் காலடி ஒரு நிமிடம்.

எப்போதும் இடப்பக்க ஜன்னல்தான். வலப்பக்கம் உட்கார்ந்தால் எழுதும் கை பெட்டியின் சுவரில் இடிக்கும்.

நடைவழிக்கு அந்தப் பக்கம், வலது ஜன்னலோரம் அவளுடைய தம்பி. லிப்ட் பழுது பார்க்கிறவன். பதிப்பகம் கொடுக்கும் பயணச்சீட்டில் இரண்டு பேர் போகலாம். அவனுக்கு விடுப்பு மிச்சம் இருந்தது. "உங்க அக்காவ எங்கயாவது ஒரு அரைமணி நேரம் உக்கார வெச்சிட்டு வந்தீங்கன்னா நான் உங்களுக்கு மாலை போடுறேன்" என்று சொல்லி அவன் மனைவிதான் அனுப்பி வைத்தாள். அவன் கூட வந்த நான்கு நாளில் அது நடக்கவில்லை. விடுதி அறையில் அவள் நின்றபடியே தேநீர் குடித்தாள். அடுத்த ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தால் நடைமேடையை இரண்டு தடவை அளந்தாள். ஒரு நகரத்தில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, திறக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு படத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். தம்பிக்கு அதில் ஒரு படம் பிடித்திருந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ ஊரு பாக்குறியா, வருகைப் பதிவு எடுக்குறியா?" என்று அவன் கேட்டான்.

அவள் அப்போதே அடுத்த படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பத்தேகாலுக்கு ரயில் ஒரு வளைவில் வேகம் குறைந்தது. அவள் முந்தைய நாள் பார்த்த ஊரின் படிவத்தில் விடுபட்டதை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதற்கு அடியில் இருந்தது இருபத்து மூன்றாம் எண் ஊரின் படிவம். அதைப் பதிப்பகமே பாதி நிரப்பி அனுப்பியிருந்தது. விரைவு ரயில் இப்போது அங்கே நிற்பதில்லை என்பதால் ஊரை நூலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டு, "நீக்கலாம்" என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். ஒரு குறி, கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் வேலை.

"அக்கா, இது எந்த ஊரு?" என்றான் தம்பி. "நல்லாருக்கே."

அவள் தலை நிமிரவில்லை. கிடங்கு ஊர், ஒன்றும் இல்லை என்றாள்.

"ஒண்ணும் இல்லையா? ஆறு ஓடுது. கல்லுப் பாலம் இருக்கு. படிக்கட்டாவே ஒரு தெரு மேல ஏறிப் போகுது, உச்சியில மணிக்கூண்டு. நீ எதைப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு எழுதின?"

அவள் எழுந்து அவன் பக்கம் போவதற்குள் வளைவு முடிந்துவிட்டது. கடைசி வீடுகளின் பின்புறமும், கொடியில் காயும் துணிகளும், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கணம் தண்ணீரின் மினுக்கமும் தெரிந்தன. பிறகு வயல்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். பெட்டியின் கடைசிவரை போய் வந்தாள். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். லிப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொண்டது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்கிறவன் அவன்.

"நீ அங்க இறங்கவே இல்ல, அப்படித்தானே?"

ஆறு வருடத்துக்கு முன்பு, நான்காம் பதிப்புக்காக அவள் முதன்முறை வந்த பயணம் அது. அன்றைக்கு அது நான்காவது ஊர். ரயில் மூன்று நிமிடம் நின்றது. இடப்பக்க ஜன்னலில் ஒரு நீண்ட கிடங்குச் சுவர், நிலக்கரிக் குவியல், ஒரு தண்ணீர்த் தொட்டி. இறங்கினால் அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தை நினைத்ததுமே கால் கூசியது. இருக்கையில் இருந்தபடியே எழுதினாள்: "சரக்குக் கிடங்குகளின் ஊர். இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை." மூன்று வருடம் முன்பு மறுபடி கடந்தபோது "மாற்றமில்லை" என்று குறித்தாள். பயணம் வட்டமாகப் போய் வேறு பாதையில் திரும்புவதால் வலப்பக்கம் ஒருநாளும் அவள் ஜன்னலுக்கு வந்ததில்லை.

நூலின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் உண்டு. இதில் உள்ள ஒவ்வோர் ஊரிலும் எங்கள் சரிபார்ப்பாளர் இறங்கி நடந்திருக்கிறார். அதற்குக் கீழே அவள் பெயர். பார்க்காமல் எழுதியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் அவள் தாழ்ந்த குரலில், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள்.

தம்பி முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டா ஊரே காணாம போயிடும். ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப போட்டுடு."

அவள் பேனாவைத் திறந்தாள். மூடினாள். அடுத்த நிறுத்தம்வரை அந்த மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த நிறுத்தம் இருபத்து நான்காம் ஊர். அதை முப்பத்தொரு நிமிடத்தில் முடித்தாள். அங்கிருந்து துறைமுக நகரத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும். மாலைக்குள் மூன்று விடுதிகளைப் பார்ப்பதாகத் திட்டம். அவள் நடைபாலம் ஏறி எதிர் நடைமேடைக்குப் போனாள். தம்பி இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். எதற்கு என்று கேட்கவில்லை. பின்னோக்கிப் போகும் சாதாரண ரயில் 12.20க்கு வந்தது.

ஒன்று பத்துக்கு இருபத்து மூன்றாம் ஊரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள். கிடங்குச் சுவர் இருந்த இடத்தில் புல் முளைத்த வெற்று நிலம். சுவரே இல்லை. காலையில் அதே பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தாள், அதையும் பார்க்கவில்லை. நிலையத்தின் வாசல் எதிர்ப்பக்கம் திறந்தது. வெளியே வந்ததும் ஆறு.

நூற்று நாற்பது அடியில் விடுதி. இரண்டு மாடி, பச்சைச் சாயம் அடித்த கதவு. முன்கூடத்தில் அறுபது வயதிருக்கும் விடுதிக்காரம்மா, கயிறு கட்டிய கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். முதலில் பைகளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த எண்ணும் கருவியைப் பார்த்தார்.

"புத்தகக்காரங்களா?"

அவள் ஆமாம் என்றாள்.

"மூணு கடுதாசி போட்டேன். இப்பத்தான் கிடைச்சுதா?"

கடிதங்கள் எதுவும் அவள் கைக்கு வந்ததில்லை. அதைச் சொன்னாள். விடுதிக்காரம்மா அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. போர்வையின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லிக்கொண்டு போனார். பத்து அறையில் ஆறு அறை பூட்டிக் கிடக்கிறது. கிடங்கு இடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. போன வருடம் ரயில் நிறுத்தத்தை எடுப்பதற்கு முன்னால் மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஊரிலிருந்து பதினேழு பேர் போனார்கள்.

"அந்த அதிகாரி உங்க புத்தகத்தை எடுத்து வாசிச்சாரு. இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லைன்னு. நான் எழுந்து நின்னு, ஆறு இருக்குங்க, பாலம் இருக்குங்கன்னேன். எழுத்துல இல்லையேம்மான்னாரு. நேர்ல வந்து நடந்து பாத்தவங்க எழுதினதாம். அதுக்கு மேல நான் என்ன பேசுறது?"

தம்பி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்றார் விடுதிக்காரம்மா. "வந்தவங்க எந்தப் பக்கமா நடந்தாங்க?"

"நடக்கல" என்றாள் அவள். "வண்டியில இருந்தபடியே கிடங்குப் பக்க ஜன்னல்ல பாத்து எழுதினேன். நான்தான் அது. இறங்கல."

விடுதிக்காரம்மா போர்வையை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்து, கையால் ஒருமுறை அழுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்துக்காகக் கையை நீட்டினார். பதினொரு கேள்விகளையும் வாசித்தார். அவசரப்படவில்லை.

"அடுத்த வண்டி அஞ்சு அம்பதுக்கு. பையை இங்க வெச்சிட்டுப் போங்க."

உட்காரச் சொல்லவில்லை.

படிவம் முப்பத்தாறு நிமிடத்தில் முடிந்தது. பாலத்துக்கு இருநூற்றுப் பத்து அடி, மணிக்கூண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. தபால் நிலையம், மருந்துக்கடை, ஆற்றங்கரையில் நான்கு மர இருக்கைகள். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. நேரமோ இரண்டுகூட ஆகவில்லை. படிக்கட்டுத் தெருவில் அவள் மூன்று தடவை ஏறி இறங்கினாள். மூன்றாவது தடவை ஒரு வீட்டு வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கினாள். மணிக்கூண்டின் மணி ஐந்து நிமிடம் முந்தி அடித்தது. அதையும் குறித்துக்கொண்டாள், படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும்.

தம்பி விடுதிக்குள்ளேயே இருந்தான். மாடிக்குப் பெட்டிகளை ஏற்றும் ஒரு சிறிய லிப்ட் இரண்டு வருடமாக நின்று கிடந்தது. அதைத் திறந்து பார்த்து, கை முழுக்கக் கருப்பு மையாக வெளியே வந்தான். ஒரு பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, இங்கே கிடைக்காது என்றான். விடுதிக்காரம்மா அவனுக்குச் சோப்பு எடுத்துக் கொடுத்தார்.

"உங்க அக்காவுக்கு என்ன தம்பி, கால்ல சக்கரமா?"

"சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்மா. பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பா."

"இந்த லிப்டுக்கு ஒரு சக்கரம் இல்ல, அங்க கூடுதலா இருக்கு" என்றார் அவர். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நான்கரைக்குத் தம்பி ஆற்றங்கரைக்குப் போனபோது அக்கா ஒரு மர இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பயண நாட்குறிப்பு திறந்திருந்தது. அதன் நகல் தினமும் படிவங்களோடு பதிப்பகத்துக்குப் போகும். அவன் எட்டிப் பார்த்தான். "மார்ச் 6. எண் 23. முதன்முறையாக இறங்கினேன்" என்று எழுதியிருந்தாள்.

"அந்த 'முதன்முறையாக' மட்டும் வேணாமே. வீட்டு வாடகை இருக்கு, அக்கா."

அவள் நோட்டை மூடினாள். "அதை எடுத்துட்டா இதுவும் ஜன்னல்ல பாத்து எழுதினதுதான்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் அவள் எழுந்து பாலத்தின் நீளத்தை அளக்கப் போனாள். அவன் மணி பார்த்தான். பதினொரு நிமிடம். மனைவிக்குச் சொல்வதற்கு அது போதாது.

ஐந்தே கால் வாக்கில் தபால் நிலையத்தில் உறையை ஒட்டிக் கொடுத்தாள். எழுத்தர் முத்திரை குத்தும்வரை முகப்பை விட்டு நகரவில்லை. பைகளை எடுக்கப் போனபோது விடுதிக்காரம்மா மாடியில் இருந்தார், இறங்கி வரவில்லை. அவள் முன்கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேனாவை எடுத்து, மேசைமேல் இருந்த பதிவேட்டில், வந்த நேரம் 1.10, போகும் நேரம் 5.50 என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ரயில் ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. பெட்டியில் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. அவள் உட்காராமல் கதவருகே நின்றாள்.

ஏப்ரலில் பதிப்பகம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. ஆறாம் பதிப்பு அக்டோபரில் வந்தது. அதில் இருபத்து மூன்றாம் ஊருக்கு ஒன்பது வரிகள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அந்த வாக்கியமும் இருக்கிறது. கீழே வேறொருவர் பெயர். விடுதிக்காரம்மா அந்த ஒன்பது வரிகள் உள்ள பக்கத்தை நகல் எடுத்து இணைத்து மாவட்ட அலுவலகத்துக்கு மனு அனுப்பினார். மனு பெறப்பட்டதாக ஒரு சீட்டு வந்தது. இந்த ஆண்டின் அட்டவணையில் துறைமுக நகர விரைவு ரயிலுக்கு இப்போதும் பதினைந்து நிறுத்தங்கள்தான்.