ஈய முத்திரை

மடித்த சக்கர நாற்காலியை எப்படித் திருப்பி வைத்தாலும் டிக்கியின் மூடி இறங்க மறுத்தது. ஃபோல்க்மார் அதை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே கிடந்த பழுப்புக் காகிதப் பொதியைப் பார்த்தார். குற்றம் நாற்காலியுடையது அல்ல என்று அவருக்குத் தெரியும், ஒப்புக்கொள்வதுதான் பாக்கி.

பொதிக்குள் இருந்தது காரின் இறக்கை. வேகம் கூடும்போது பின்சக்கரங்கள் மிதக்காதபடி காற்றைக் கொண்டே அவற்றைத் தரையோடு அழுத்துவதற்காகத் தொழிற்சாலை வடிவமைத்த உறுப்பு. முன்பக்கத்துக் கறுப்பு உதடு, சக்கரங்களுக்கு மேலே ஓடும் பட்டைகள், கூரை விளிம்பின் வளைவு எல்லாம் பொருத்தப்பட்டே வந்தன. இறக்கையை மட்டும் அன்றைய ஜெர்மானியச் சாலை விதி அனுமதிக்கவில்லை. ஆகவே அதைக் காகிதத்தில் சுற்றி, டிக்கியின் தரையோடு கம்பியால் பிணைத்து, ஈய முத்திரையும் இட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காரை வாங்கிய மற்றவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் கம்பியை நறுக்கினார்கள். ஃபோல்க்மார் நறுக்கவில்லை. ரோசன்ஹைம் எடையளவு அலுவலகத்தில் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது அவர் பார்த்த வேலை. முத்திரை அறுந்த தராசு சரியாக நிறுத்தாலும் அது தராசு அல்ல என்று கசாப்புக் கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியத்துக்குள்ளேயே குடியேறிவிட்டவர் அவர்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் பழைய கார்க்காரர்கள் கூடும் மைதானத்தில் அவர் டிக்கியைத் திறந்தால் பேச்சு அடங்கும். பீர்க் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். முத்திரை குலையாத பொதி வேறெங்கும் இல்லை என்பது சங்கத் தலைவர் டீட்மாரின் தீர்ப்பு. அவர் ஒருமுறை ஃபோல்க்மாரின் தோளைத் தட்டிச் சொன்னார்: "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுப்பா. பாதிரியாருக்கு அப்புறம் பண்ணிக்கலாம்."

காரை வாங்கியது மனைவி இர்ம்கார்டின் தந்தை விட்டுச்சென்ற மரவாடியின் பங்குப் பணத்தில். கோடைதோறும் பிரென்னர் கணவாயைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போனார்கள். பின்னிருக்கையில் மகள் சில்கேயும் படுக்கைகளும். இர்ம்கார்டின் மடியில் பெட்டி. இறக்கத்தில் காற்று அடிக்கையில் காரின் பின்பகுதி லேசாகும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய பொருள் காகிதம் கலையாமல் டிக்கியில் கிடக்க, ஃபோல்க்மார் வேகத்தைக் குறைப்பார். "என் சக்களத்தி நல்லா காலை நீட்டிப் படுத்திருக்கா" என்பாள் இர்ம்கார்ட். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் அது வேடிக்கை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

கடந்த குளிர்காலத்தில் பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சு மெல்லத் திரும்பியது. திரும்பியதும், ஏரியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். கோடையில் போய்வரலாம் என்றார் மருத்துவர். இலையுதிர்காலத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சில்கே தன் வேனைக் கொண்டுவருவதாகச் சொன்னபோது, ஆம்புலன்ஸில் போகிறவளைப் போலப் போக மாட்டேன், என் அப்பாவின் மரத்தில் வாங்கிய காரில்தான் போவேன் என்று தொலைபேசியிலேயே முடித்துவிட்டாள் இர்ம்கார்ட்.

ஃபோல்க்மார் முறைப்படி மாற்று வழிகளை ஆராய்ந்தார். இரண்டே கதவுகள் என்பதால் நாற்காலி பின்னிருக்கைக்குள் நுழையவில்லை. கூரையில் கட்டினால் அந்த வளைவு உடையும். கடைசியில் ஏரிக்கரை விடுதியில் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரித்துவந்து, காப்பிக் கோப்பையோடு அவளெதிரே உட்கார்ந்து அதை அறிவித்தார்.

அவள் கோப்பையை இடக்கையால் நகர்த்தினாள்.

"வழியில ஒண்ணுக்குப் போகணும்னா?"

அவர் கரண்டியை எடுத்துத் தன் காப்பியைக் கலக்கினார்.

"எத்தன வருஷம் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு வந்தேன், ஃபோல்க்மார். ஒரு தடவயாவது இறக்கி வைன்னு சொன்னியா? இப்ப என்னால அதப் பிடிச்சுக்கக்கூட முடியாது. ஒரு கைதான் இருக்கு."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு தராசின் முள்ளை வாசிப்பது போலத்தான் சொன்னாள்.

புறப்படும் நாள் காலையில் அவளைத் தூக்கி முன்னிருக்கையில் அமர்த்தினார். பிறகு, ஓய்வு பெற்ற அன்று அலுவலகம் அவருக்கே கொடுத்த முத்திரைக் குறடை எடுத்து வந்தார். அதன் ஒரு பக்கம் ஈயத்தை அழுத்தும். மறுபக்கம் கம்பியை வெட்டும். பொய்த் தராசுகளின் கம்பிகளை அதனால் தயக்கமின்றி நறுக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் தராசின் சொந்தக்காரர் எதிரே நின்றிருப்பார்.

கம்பி மிகச் சிறிய ஓசையுடன் விட்டது. ஈயம் உருண்டு கம்பளத்தில் நின்றது. பொதியைத் தூக்கியபோது அதன் அடியில் இறக்கையின் வடிவத்திலேயே ஒரு நீலம் தெரிந்தது. தூசியோ ஈரமோ படாத, கார் வந்த நாளின் நீலம். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பொதியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த நீலத்தின் மேல் நாற்காலியைக் கிடத்தி, பக்கத்தில் பெட்டியையும் வைத்தார். மூடி இறங்கியது.

"என்ன பண்ற அங்க?" என்றாள் இர்ம்கார்ட்.

"ஒண்ணுமில்ல. பெட்டிய வச்சேன்."

அவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அவள் மடி வெறுமையாக இருந்தது. இடக்கை அதன் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, பெட்டியின் விளிம்பைத் தேடுவதுபோல.