ஏரிக்கரைப் புளியும் இரண்டு வகுப்பறைகளும்

2024ஆம் ஆண்டு தை இருபத்திரண்டாம் நாள் முற்பகல், தருமபுரி மாவட்டம் ஏரியூரை அடுத்த கரும்பாறைப்பட்டியில், ஊர்ப்பொதுப் புளியமரங்களின் காய்ப்பு ஏலம் விடப்பட்டது.

மலைமுகட்டில் படிந்திருந்த பனி கலைய, கேழ்வரகு அறுத்த கொல்லைகளின்மேல் இளவெயில் பரவி, ஏரிக்கரை நெடுக நின்ற மரங்களின் கிளைதோறும் தொங்கிய காய்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசி ஓசையெழுப்பிய அவ்வேளையில், ஊரார் கரைமேல் வந்து கூடினர். ஆண்டுதோறும் அவ்வேலத்தொகை மாரியம்மன் திருவிழாவிற்கே சேரும். ஏலம் எடுத்தவருக்கு அம்மன் முன்னிலையில் தலையிற் பரிவட்டமாகப் பட்டுக் கட்டி முதற்சிறப்புச் செய்வர். இவ்வாண்டு தொகை பள்ளிக்கென்று முடிவாகியிருந்தது. அம்முடிவை முன்மொழிந்தவர் புளி வணிகர் கோவிந்தன்.

சுவர் பிளந்து பூட்டப்பட்ட இரண்டு வகுப்பறைகளைப் புதிதாய்க் கட்ட, ஊரார் ஒரு பங்கு தந்தால் அரசு இரு பங்கு தருமென்றும், தை முடிவதற்குள் ஊர்ப்பங்கு எண்பதாயிரம் செலுத்தாவிடில் மேல்வகுப்புகள் இரண்டும் காட்டுவழிக்கு அப்பாலுள்ள ஊருக்கு மாற்றப்படுமென்றும் தலைமையாசிரியை சுகுணா மார்கழியில் ஊர்க்கூட்டத்தில் உரைத்தபோது, கோவிந்தனே எழுந்தார்.

"இந்த வருசம் மரத்தப் பள்ளிக்கூடத்துக்கு வுட்டுருவோம். ஆத்தா கோச்சுக்க மாட்டா. போன வருசம் தொண்ணூறு போச்சு, எண்பது கட்டினாலும் மிச்சந்தானே?"

கூட்டம் கைதட்டியது. முந்தைய ஆண்டு தொண்ணூறாயிரம் கொடுத்தவரும் அவரே என்பதால் எவரும் ஐயுறவில்லை.

ஏலம் தொடங்குமுன், ஆண்டுதோறும் அவரோடு போட்டியிட்டுத் தொகையை உயர்த்தும் பெருநிலக்காரர் நவநீதன் மெல்லக் கேட்டார்: "டீச்சர், எடுக்கறவங்களுக்குப் பரிவட்டம் உண்டுங்களா?"

"அது கோயிலுக்குங்க. நாங்க பள்ளிக்கூடத்துச் செவுத்துல பேரு எழுதி வெக்கறோம்."

"செவுத்துலயா? எலெக்சனுக்கு எலெக்சன் எவனெவனோ எழுதறானே."

சிரிப்பொலி அடங்கியபின் ஏலம் தொடங்கியது; நவநீதன் விலை கேட்கவேயில்லை. சிறு வணிகர் இருவர் நாற்பத்தைந்தாயிரம் வரை ஏற்றி ஓய்ந்தனர். கோவிந்தன் அண்ணாந்து மரங்களை நோக்கினார். ஏழாண்டுகளாய் அம்மரங்களை ஏலத்தில் எடுத்தவர், விலை சொல்லுமுன் காய்களைப் பார்த்தது அன்றுதான். ஓடும் கொட்டையும் கழித்து, உலுக்குவோர் கூலியும் வண்டிச் செலவும் தள்ளி, உள்ளம் தானாகவே ஒரு விலையை வகுத்தது.

"நாப்பத்தாறு."

மேலே கேட்பாரில்லை. மும்முறை கூவி முடித்தனர்.

அவர் கொட்டகையிற் புளி தட்டும் மாதம்மாள், மகள் தேவிப்பிரியாவை வரும் ஆண்டில் ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பவிருந்தவள், அருகே வந்தாள். "அண்ணா, போன வருசமும் இதே மரந்தானுங்களே?"

"மரம் அதேதான், மாதம்மா. காய் அவ்வளவுதான் பெறும்."

அவர் உரைத்தது மெய்; முந்தைய ஆண்டும் காய் அவ்வளவே பெற்றது. தொண்ணூறாயிரத்தில் எஞ்சிய தொகை தம் தலையில் ஏறிய பட்டுக்கும், நவநீதன் தலையில் அது ஏறாமைக்கும் தாம் கொடுத்த விலையென்பதை, சொல்லி முடித்த பின்னரே அவர் உணர்ந்தார். உணர்ந்தும், முடிந்த ஏலத்தில் தாமே தொகையைக் கூட்டுவது வணிகருக்கு அழகன்றென்று நாணி நின்றார்.

எண்பதாயிரத்துக்குக் குறைந்த தொகைக்காகச் சுகுணா அவர் வாயிலுக்கு வந்தபோது, "மத்தவங்க போடட்டுங்க டீச்சர், கூட நானும் போடறேன்" என்றார். நவநீதன் வீட்டிலும் அதே சொல்லைத்தான் கேட்டு வந்ததாகச் சுகுணா கூறினார். உள்ளே பெட்டியில் பணம் இருந்தது. கோவிந்தன் எழுந்து சென்று எடுக்க எண்ணினார். மோர் கொண்டுவரச் சொன்னார்.

தை முடிந்தது. அரசின் பங்கு வேறோர் ஊருக்குச் சென்றது. ஆனி பிறக்குமுன் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் காட்டுவழிக்கு அப்பாலுள்ள பள்ளிக்கு மாற்றப்பட்டன. தேவிப்பிரியா ஒரு வாரம் நடந்து சென்றாள். அதன்பின் செல்லவில்லை.